துல்லியோ கம்பன்யோலோ

துல்லியோ கம்பன்யோலோ (ஆகஸ்ட் 26, 1901 – பெப்ரவரி 1983) இத்தாலியைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரரும் கண்டுபிடிப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பந்தய மிதிவண்டியின் பின்சக்கரப் பல்லிணை மாற்றியை விரைவாகவும் நம்பகமாகவும் இயங்கச் செய்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இளமை

இவர் வட இத்தாலியின் விச்சென்சா நகரில் பிறந்தார். தந்தையின் இரும்புப் பொருள் கடையை ஒட்டிய பட்டறையில் கருவிகளைக் கையாளக் கற்றார். 1920களில் தொழில்முறை சாராத வீரராகப் பந்தயங்களில் பங்கேற்றார்.

அக்காலப் பந்தய மிதிவண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருந்தன. மலையேறும் முன் வீரர் இறங்கி, சிறகு வடிவ மரைகளைத் தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பிப் பொருத்த வேண்டும். 1927 நவம்பரில் குரோச்சே தௌனே கணவாயில் பனியில் விறைத்த விரல்களால் மரையைத் திருக முடியாமல் இவர் பந்தயத்தை இழந்தார் என்றும், அதுவே இவரது கண்டுபிடிப்புகளுக்குத் தூண்டுகோல் என்றும் கூறப்படுகிறது. இக்கதையின் விவரங்களை மிதிவண்டி வரலாற்றாளர் சிலர் ஐயுறுகின்றனர். எனினும் அக்கணவாயில் இவருக்கு நினைவுச்சின்னம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

கண்டுபிடிப்புகள்

நெம்புகோல் ஒன்றைத் திருப்பிய உடனே சக்கரம் கழலும் விரைவு விடுவிப்பு அச்சு இவரது புகழ்பெற்ற முதல் படைப்பாகும். 1933இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்.

1940களில் வெளிவந்த 'காம்பியோ கோர்சா' அமைப்பில் இருக்கைக்குக் கீழே பின்புறம் இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று சக்கர அச்சைத் தளர்த்தியது. மற்றது சங்கிலியை அடுத்த பற்சக்கரத்திற்குத் தள்ளியது. வீரர் ஓடும் வண்டியில் கையைப் பின்னே நீட்டி, பின்னோக்கி மிதிக்கவும் வேண்டியிருந்தது. இவ்வமைப்புடன் ஜீனோ பார்த்தாலி 1948 டூர் டி பிரான்சு பந்தயத்தில் வென்றார்.

1949இல் மிலான் கண்காட்சியில் 'கிரான் ஸ்போர்ட்' மாற்றியின் முன்மாதிரி காட்டப்பட்டது. பிரான்சில் முன்பே இணைகர வடிவ மாற்றிகள் இருந்தன; ஆயினும் பந்தய உலகில் அவ்வடிவத்தை நிலைநிறுத்தியது கிரான் ஸ்போர்ட்டே. முன்மாதிரியில் இரு கம்பிகள் இருந்தன. விற்பனைக்கு வந்த வடிவத்தில் ஒரு கம்பியும் ஒரு சுருள்வில்லும் அவ்வேலையைச் செய்தன.

இயங்கும் முறை

கம்பி இழுக்கப்படும்போது மாற்றி உட்புறம் நகர்ந்து சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றுகிறது. கம்பி தளரும்போது சுருள்வில் அதனை வெளிப்புறம், சிறிய பற்சக்கரத்திற்கு இழுக்கிறது. ஆகவே திரும்பும் திசையில் வீரரின் கைவலிமை பயன்படுவதில்லை. வில்லின் விசை மட்டுமே உண்டு.

கம்பியால் இயங்கும் மாற்றிகள் மந்தமாவதற்கான காரணமும் இதிலிருந்து விளங்கும். சிறிய பற்சக்கரத்திற்கு மாறுவது தாமதமானால், கம்பியில் துருவோ உறைக்குள் அழுக்கோ சேர்ந்து உராய்வு வில்லின் விசையை விழுங்குகிறது எனலாம். கம்பியையும் உறையையும் மாற்றுவதே தீர்வு. பெரிய பற்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால் பெரும்பாலும் கம்பி தளர்ந்திருக்கும். சரிசெய் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி இறுக்கலாம். இரண்டினாலும் சீராகாவிடில், மாற்றி தொங்கும் உலோகத் துண்டு வளைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். வண்டி வலப்புறம் சாய்ந்து விழுவதால் இது எளிதில் நேரும்.

பிற்காலம்

1963இல் 'ரெக்கார்டு', 1967இல் 'நுவோவோ ரெக்கார்டு' மாற்றிகள் வந்தன. 1972இல் எடி மெர்க்ஸ் மெக்சிக்கோ நகரில் ஒரு மணிநேர உலக சாதனை படைத்த வண்டியிலும் இவரது நிறுவனத்தின் பாகங்கள் இருந்தன. ஆனால் 1964இல் சப்பானின் சன்டூர் நிறுவனம் உருவாக்கிய சாய்வு இணைகர வடிவம், சங்கிலியை எல்லாப் பற்சக்கரங்களுக்கும் அருகிலேயே வைத்து விரைவாக மாற்றியது. நிலைக்கு நிலை சொடுக்கி மாற்றும் சிமானோ முறை 1980களின் நடுவில் பரவியபோது கம்பன்யோலோ உயிருடன் இல்லை. அவருக்குப் பின் மகன் வாலன்தீனோ நிறுவனத்தை நடத்தினார்.

இறங்கிச் சக்கரத்தைத் திருப்பிய காலத்திலிருந்து இருக்கையை விட்டு எழாமலே மாற்றும் காலம் வரை பந்தயம் மாறியதில் இவரது பங்கு பெரிது.