மைக்கேல் பாரடே கண்ட பென்சீன்

இங்கிலாந்து நாட்டில், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் என்னும் ஊரில், 1791 ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே பிறந்தார். தந்தையார் கொல்லர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். வறுமையினால் பாரடே பள்ளியில் நெடுநாள் பயிலவில்லை. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்குப் பாடநூல்களாயின. 1812 இல் ஹம்ப்ரி டேவி என்னும் வேதியியலறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே இராயல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார்.

பாரடே என்றதும் மின்சாரமே நினைவுக்கு வரும். அப்புகழின் ஒளியில் அவர்தம் வேதியியற்பணி மங்கித் தோன்றுவது முறையன்று.

அந்நாளில் எண்ணெயைப் பழுக்கக் காய்ந்த உலையிற் சொட்டவிட்டு எரிவாயு ஆக்கினர். அதனை 30 மடங்கு வாயுமண்டல அழுத்தத்தில் கலங்களில் அடைத்து, இலண்டனில் விளக்கெரிக்க வழங்கினர். அழுத்தும்பொழுது ஒரு நீர்மம் அடியில் தங்கிற்று. வாணிகர் கழிவெனக் கருதக்கூடிய அந்நீர்மத்தைப் பாரடே 1825 இல் ஆராயலானார்.

அது பல பொருள்களின் கலவை. பன்முறை காய்ச்சி வடித்தும் தூய பொருள் கிட்டவில்லை. ஆயினும் ஏறத்தாழ 80 முதல் 88 டிகிரி சென்டிகிரேடு வரையில் வடிந்த பகுதி மற்றவற்றினும் மிகுதியாக இருப்பதைக் கண்டார். அதனைக் கடுங்குளிரில் வைத்தார். ஒரு பகுதி உறைந்தது. மற்றது நீர்மமாகவே நின்றது. நீர்மத்தை வடித்துவிட்டு, உறைந்ததை ஒற்றுத்தாள்களிடையே வைத்து அழுத்தினார். பொறுமையோடு இதனைத் திரும்பத் திரும்பச் செய்ததன் பயனாகவே பென்சீன் தனித்துக் கிடைத்தது.

அது நிறமற்றது, நீரில் மிதப்பது, பாதாம்பருப்பை ஓரளவு நினைவூட்டும் மணமுடையது, எரியுங்கால் புகை மிகுவது. 42 டிகிரி பாரன்ஹீட்டில், அஃதாவது ஏறத்தாழ 5.5 டிகிரி சென்டிகிரேடில், உறையும் என்றார் பாரடே. இன்றைய கருவிகளும் அவ்வளவையே காட்டுகின்றன! கார்பனும் ஹைட்ரஜனும் அன்றி வேறொன்றும் அதில் இல்லை என்பதையும் நிறுவினார். கார்பனின் அணுஎடையை அன்று 6 எனக் கொண்டமையால், இரண்டு பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு ஹைட்ரஜன் எனக் கணக்கிட்டார். உண்மையில் ஒரு மூலக்கூற்றில் இரண்டும் அவ்வாறு அணுக்களே.

அப்பொருளின் பயனைத் தேடிப் பாரடே செல்லவில்லை. அவர் உள்ளம் மின்சாரத்தை நாடிற்று. 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். பென்சீன் நிலக்கரித் தாரில் உள்ளது என்பதை 1845 இல் ஹாப்மன் அறிந்தார். 1856 இல் அவர் மாணவர் பெர்க்கின், தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு ஊதாச் சாயம் ஆக்கினார். அணுக்கள் வளையமாய் அமைந்தவை என்று கெக்கூலே 1865 இல் விளக்கினார். பின்னர் நைலானும் பிளாஸ்டிக்கும் மருந்துகளும் ஆக்கும் தொழில்களுக்குப் பென்சீன் மூலப்பொருளாயிற்று. அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசிப்போர்க்கு எலும்பு மச்சை கெட்டு இரத்தப் புற்றுநோய் உண்டாகலாம் என்பதோ, பாரடேயின் காலத்தில் எவரும் அறியாதது.

1867 ஆகஸ்டு 25 இல் பாரடே காலமானார். அவர் பிரித்தெடுத்த பென்சீனில் சிறிது, கண்ணாடிக் குழாயொன்றில் அடைபட்டு, இலண்டன் இராயல் நிறுவனத்தில் காக்கப்பட்டு வருகிறது.