படச்சுருள் தேடிய தமிழர்

1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் தமிழ் இளைஞர் ஒருவர் சிந்தனையில் ஆழ்ந்திருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அடிகளின் வாழ்வை உண்மைப்படமாகத் தொகுத்து மக்களுக்கு வழங்கவேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது. அவ்விளைஞரே ஏ. கே. செட்டியார்.

கருப்பன் செட்டியார் என்பது அவர்தம் பெயர். அவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தார். பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார்.

அக்காலத் தமிழ்ப்படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே நடித்துக் காட்டின. உண்மைப்படத்திலோ நடிகரும் இல்லை, புனைகதையும் இல்லை. மக்கள் வாழ்ந்தவாறும் நிகழ்ச்சிகள் நடந்தவாறும் பதிவானவையே அதன் பொருள். நடந்து முடிந்ததை மீண்டும் படம்பிடித்தல் இயலாது. ஆதலால், முன்பே பிறர் எடுத்த சுருள்களைத் தேடிப் பெறவேண்டியிருந்தது. அவையோ பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. எளிதில் தீப்பற்றும் இயல்பும் உடையன. காலந்தாழ்த்தினால் அவை அழிந்துபோகக்கூடும்.

செட்டியார் தளர்ந்தாரல்லர். தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குச் சென்றார். ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார். முப்பதாண்டுக் காலத்தில் நூறு பேர்வரை எடுத்திருந்த படங்களைத் திரட்டினார். 50,000 அடிச் சுருள் சேர்ந்தது. அதிலிருந்து தக்கவற்றைத் தெரிந்தெடுத்து, 12,000 அடி கொண்ட படமாகத் தொகுத்தார். இரண்டு மணி நேரத்திற்குமேல் ஓடும் அப்படம், 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ் விளக்கவுரையுடன் வெளியாயிற்று. இராட்டையைப் பற்றிய பாடலை டி. கே. பட்டம்மாள் அதில் பாடியிருந்தார்.

அடிமைப்பட்டிருந்த நாட்டில் அத்தகைய படத்தைக் காட்டுதல் எளிதன்று. அயலாட்சியின் கெடுபிடிக்கு அஞ்சி அதனை மறைத்துவைக்க நேர்ந்தது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில், விடுதலை பிறந்த வேளையில், அதன் இந்தி வடிவம் தில்லியில் காட்டப்பெற்றது. 1953ஆம் ஆண்டு ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது.

இத்துணை அரும்பணி ஆற்றியும் செட்டியார் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. 1943ஆம் ஆண்டு ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கி, பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்துகிடந்த அரிய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து வெளியிட்டார். 1983ஆம் ஆண்டு மறையும்வரை அப்பணியினை விடவில்லை. படச்சுருளாயினும் பழந்தாளாயினும், அழிவதன்முன் காப்பதே அவர்தம் நோக்கம்.

காலம் கடந்தபின் வருந்துதலால் பயனில்லை. ஊரின் தொழிலையும் மக்களின் வாழ்வையும் உள்ளவாறு பதிந்து வைத்தலும் நாட்டுக்குச் செய்யும் தொண்டே என்பதை அப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.