வ.வே.சு. ஐயரும் கல்யாண தீர்த்தமும்



பாபநாசம்னு சொன்னதும் நமக்கெல்லாம் அகஸ்தியர் அருவியும் குளியலும்தான் ஞாபகம் வரும். அந்த அருவிக்கு மேலே, பாறைப் பாதையில் ஏறிப் போனால் கல்யாண தீர்த்தம். நம்ம தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே இரைச்சலோடு பாயும் இடம். ஒரு பெரிய தேசபக்தரின் வாழ்க்கை அங்கேதான் முடிந்தது. அவர்தான் வ.வே.சு. ஐயர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பது முழுப்பெயர். திருச்சி வரகனேரியில் 1881 ஏப்ரல் 2 அன்று பிறந்தார். படிப்பில் கெட்டி. வக்கீலாகி ரங்கூனில் தொழில் செய்தார். பாரிஸ்டர் ஆகணும்னு 1907-ல் லண்டன் போனார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு பழகியதும், பட்டத்தைவிட நாட்டு விடுதலைதான் பெரிதாகத் தெரிந்தது. போலீஸ் தேடியபோது மாறுவேடத்தில் தப்பி, பாரிஸ் வழியாக 1910 கடைசியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் ஆங்கிலேயரால் அவரைத் தொட முடியவில்லை.

புதுச்சேரியில் சுமார் பத்து வருஷம் இருந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே அவருக்குத் தோழர்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் குளத்தங்கரை அரசமரம் அவர் எழுதியதுதான். புத்தகமே கதின்னு இருந்தவர் என்று மட்டும் நினைச்சிடாதீங்க! உடம்பு உறுதியா இருந்தாத்தான் நாட்டுக்கு உழைக்க முடியும் என்பது அவர் கொள்கை. இளைஞர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவரும் இவர்தான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

1920-ல் சென்னைக்குத் திரும்பி தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதற்காக 1921-ல் கைதாகி ஒன்பது மாதம் பெல்லாரி சிறையில் இருந்தார். சிறையிலும் சும்மா இருக்கவில்லை. கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூலே எழுதிவிட்டார்.

பிறகுதான் நம்ம ஜில்லாவுக்கு வந்தார். 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். பாடத்தோடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் உண்டு. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய பிரச்சினையானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். எவ்வளவு பெரிய தேசபக்தர் நடத்தினாலும் பந்தியில் பேதம் தப்புதானே! கடைசியில் 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுல மாணவர்களோடு பாபநாசம் மலைக்குப் போனார். கல்யாண தீர்த்தத்தில் நீரோட்டத்தைத் தாண்டும்போது அவர் மகள் சுபத்திரை தவறி விழுந்துவிட்டாள். ஐயர் ஒரு நொடிகூட யோசிக்காமல் மகளைக் காப்பாற்றக் குதித்தார். ஆறு இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டது. அப்போது அவருக்கு வயது 44 தான். வெள்ளைக்கார போலீஸிடம் சிக்காமல் கடல் கடந்து வந்தவர், பெற்ற பாசத்தில் நம்ம ஆற்றில் உயிரை விட்டார்.

நண்பர்களே, நாமும் மலைக்குப் போகிறவர்கள்தான். வருஷம் முழுக்க ஓடாம இருந்துட்டு, ஒருநாள் பந்தயம் கட்டி ஒரே மூச்சா மேலே ஓடிடலாம்னு நினைக்கிறோம். ஏறும்போது மூச்சு வாங்கும். அதுவே நம்மை நிறுத்திவிடும். இறங்கும்போதுதான் ஆபத்து. பழக்கமில்லாத தொடை தளர்ந்து முழங்கால் நடுங்கும். அந்தக் காலோடு பாசி பிடித்த பாறையில் தாவினால் என்ன ஆகும்? ஜூன் மாதம் இங்கே வெயில் அடிச்சாலும் பொதிகையில் மழை பெய்யும். ஆற்றில் தண்ணி திடீர்னு கூடும். பயிற்சி செய்த உடம்பையே இழுத்துக்கொண்ட ஆறு அது.

அதனால் பல வாரம் முன்பே நடந்து, ஓடிப் பழகுவோம். முடியாதவன் மெதுவா வரட்டும். அவனைக் கேலி செய்ய வேண்டாம். ஓடும் தண்ணியைத் தாண்டிக் காட்டுடான்னு யாரையும் உசுப்பேத்த வேண்டாம்.

உடம்பை வளர்க்க ஐயரிடம் கற்றுக்கொள்வோம். ஆற்றுக்கு மரியாதை கொடுக்கக் கல்யாண தீர்த்தத்திடம் கற்றுக்கொள்வோம்!