பாப்பான் 74-ஆம் எண் வீட்டு மிஸ்ஸி: சிபில் கார்த்திகேசு

மழைக்காலம் வந்துவிட்டால் சிலாங்கூர் ஆற்றை ஒட்டி வாழும் நம் மக்களுக்கு இரண்டு கவலைகள். தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பது ஒன்று. வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தால் பாட்டியின் இனிப்புநீர் மருந்தையும் கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் யார் கவனிப்பது என்பது மற்றொன்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் மாநிலமே தத்தளித்தபோது இந்த இரண்டாவது கவலையின் அருமை பலருக்குப் புரிந்தது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் தாதியை இன்றும் 'மிஸ்ஸி' என்றுதான் சொல்வார்கள். வெள்ளமானாலும் கொள்ளைநோயானாலும் அந்த மிஸ்ஸிக்கு நம் வீடு எது, நம் நோய் எது என்று தெரிந்திருந்தால் பாதி ஆபத்து அப்போதே குறைந்துவிடும்.

போர் என்ற பேரிடரில் இதைச் செய்து காட்டிய ஒரு தாதி இந்நாட்டில் வாழ்ந்தார். சிபில் கார்த்திகேசு. பேராக்கில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. சிலாங்கூரின் வடக்கே உள்ள இளையோரிடம் கேட்டால், ஈப்போவில் ஒரு சாலைக்கு அந்தப் பெயர் உண்டு என்பதோடு பலருக்குச் செய்தி நின்றுவிடுகிறது.

பெயரில் கார்த்திகேசு இருந்தாலும் அவர் பிறப்பால் தமிழர் அல்லர். 1899 செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். மேடான் என்பதே அவருடைய நடுப்பெயரும் ஆயிற்று. தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வழிவந்த யுரேசியர், தோட்டத்துறையில் இருந்தவர். தாய் பியட்ரிஸ் ஒரு மருத்துவச்சி. சிபில் அந்த வீட்டின் ஒரே பெண்பிள்ளை. தாயின் தொழிலைத் தானும் கற்றார், தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். பின்னாளில் அவர் உயிரைக் காத்ததும் அவரை ஆபத்தில் தள்ளியதும் இந்த மொழிதான் என்று எனக்குத் தோன்றும். நோயாளி தன் தாய்மொழியில் வலியைச் சொல்ல முடிகிற இடத்துக்குத்தானே நம்பி வருவார்.

தைப்பிங்கில் பிறந்த தமிழரான ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்ற மருத்துவரை அவர் விரும்பினார். மத வேறுபாட்டால் பெண் வீட்டில் முதலில் தயக்கம். மாப்பிள்ளை கத்தோலிக்க சமயத்தைத் தழுவி அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். 1919 ஜனவரி 7-ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அவ்வாண்டே பிறந்த முதல் மகன் ஒரு நாள்கூட வாழவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின் வில்லியம் என்ற குழந்தையைத் தத்தெடுத்தார்கள். பிறகு ஓல்கா பிறந்தார், 1936-இல் டான் பிறந்தார்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலை 141-ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் மருந்தகம் நடத்தினார்கள். இன்று அது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. பிரசவம், காய்ச்சல், சிரங்கு, புண் என்று பதினைந்து ஆண்டுகள் ஓடின. இந்த ஆண்டுகளில் வீர சாகசம் ஒன்றுமில்லை. ஆனால் கைராசிக்காரர் என்ற பெயரும் ஊராரின் நம்பிக்கையும் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் சேர்ந்தவைதான். பேரிடர் வந்த பிறகு அவற்றைத் தேடினால் கிடைக்காது.

1941 டிசம்பரில் ஈப்போ மீது குண்டுகள் விழத் தொடங்கின. ஜப்பானியர் நகருக்குள் நுழைவதற்குச் சில நாள்களுக்கு முன் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்கு இடம்பெயர்ந்தது. அந்த நாள்களில் நம் பக்கமும் அமைதியாக இல்லை. கம்பார் போர் முடிந்த அதே நாள், 1942 ஜனவரி 2-ஆம் தேதி, கோல சிலாங்கூர் கடற்கரையில் தரையிறங்க ஜப்பானியப் படை முயன்றது. பீரங்கிச் சூட்டால் அது அன்று பின்வாங்கினாலும் சில நாள்களில் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலேயே சண்டை மூண்டது. பத்தாங் பெர்ஜுந்தைதான் இன்றைய பெஸ்தாரி ஜெயா.

பாப்பான் பிரதான சாலை 74-ஆம் எண் கடைவீட்டில் சிபில் மறுபடியும் மருந்தகத்தைத் திறந்தார். மருந்தோ கிடைக்காத காலம். மலேரியாவுக்கான கொய்னா ஜாவாவிலிருந்து வர வேண்டும், ஜாவாவும் ஜப்பானியர் கையில். அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்ட உடம்புகளில் கால் வீக்கமும் ஆறாத புண்ணும் சாதாரணமாயின. ஏழைகளிடம் காசு கேட்காமல் பார்த்தார் என்பது அங்கே இன்றும் பேசப்படும் செய்தி.

பகலில் ஊர்மக்கள் வந்தார்கள். இரவில், வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டம் வழியாக வேறு நோயாளிகள் வந்தார்கள். மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்த காட்டுப் போராளிகள் அவர்கள். சிபில் அவர்கள் உடம்பிலிருந்து துப்பாக்கிக் குண்டுகளை எடுத்தார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். வீட்டில் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து பிபிசி செய்தி கேட்டு, அதை அவர்களுக்கும் தெரிவித்தார். வானொலி வைத்திருந்ததற்கே தலை போகும் காலம் அது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1943-இல் சிலாங்கூர் உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து நம் பாட்டாளிகள் லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டு, 415 கிலோமீட்டர் நீள சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் மேல் என்பது போருக்குப் பின் எடுத்த கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தப் பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். நம்மவர்களில் அதிகாரபூர்வக் கணக்குப்படியே ஐந்தில் இருவருக்கு நெருக்கம். காடு, மழை, கசையடி எல்லாம் இரு தரப்புக்கும் பொது. ஆனால் போர்க்கைதிகளுடன் அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லவும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டவும், வாந்திபேதி வந்தவரைத் தனியே கிடத்தவும் முகாமில் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களுடன் போக ஒரு மிஸ்ஸிகூட இல்லை. 1943 நடுவில் காலரா வந்தபோது இந்த வேறுபாடு பிணங்களாகத் தெரிந்தது.

சிபிலைக் காட்டிக்கொடுத்தது யார் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 1943-இல் கணவர் முதலில் கைதானார், பிறகு சிபில். கெம்பெத்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவல் அவரை விசாரித்தது. நகங்களைப் பிடுங்கினார்கள், வயிறு முட்டத் தண்ணீரை ஊற்றினார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள், அடித்து முதுகெலும்பைச் சேதப்படுத்தினார்கள். பேசவில்லை. கடைசியில் ஏழு வயதை ஒட்டிய மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். அப்போதும் தம்மிடம் மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. குழந்தை உயிர் தப்பியது. ஒரு தாயாக அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல வராது. தமிழில் தாதிக்குச் செவிலி என்ற பெயரும் உண்டு. சங்கப் பாடல்களில் வீட்டைவிட்டுப் போன மகளைத் தேடிச் சுரத்தில் அலைபவள் செவிலித்தாய். சிபிலிடம் தாயும் தாதியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

அவருக்கு ஆயுள் தண்டனை, கணவருக்கு 15 ஆண்டு. பத்து காஜா சிறையில் இருந்தவரை 1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகே வெளியே கொண்டுவந்தார்கள். நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தம் அனுபவங்களை எழுத்தில் பதிந்தார். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அந்த நூல் 1954-இல்தான் அச்சேறியது. ஜார்ஜ் பதக்கம், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் கிடைத்தது. 1948 ஜூன் 12-ஆம் நாள், பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைப் பழம்புண்ணிலிருந்து இரத்தத்தில் நஞ்சேறி 48 வயதில் காலமானார். ஸ்காட்லாந்தின் லனார்க் நகரில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த நான்காம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அவர் கட்டுப்போட்டு அனுப்பிய போராளிகள் பலர் இப்போது அரசாங்கத்தின் எதிரிகள். சிபிலின் பெயர் பள்ளிப் பாடங்களில் நீண்ட காலம் தயக்கத்தோடே உச்சரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. காயம்பட்டவனின் கொடி எது என்று தாதி பார்ப்பதில்லை, வரலாறு எழுதுகிறவர்கள் பார்க்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் விரிந்தது. 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று தொடங்கி, 1970-களில் அவை 4,000 பேருக்கு ஒன்றான கிராம மருந்தகங்களாக மாறின. அங்கே வேலை செய்பவர்தான் இன்றைய சமூகத் தாதி. கர்ப்பிணி யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், ஊசி போடாத குழந்தை எது என்ற பட்டியல் அவர் கையில் இருக்கும். படகு எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று வெள்ளத்தின்போது சொல்லக்கூடியது அந்தப் பட்டியல்தான். தோட்டங்களோ தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் மருந்தகத்தையும் டிரெசரையும் நம்பியே இருந்தன. ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது பல இடங்களில் அந்த மருந்தகமும் மூடப்பட்டது. கோல சிலாங்கூரின் பழைய தோட்டத்து வீடுகளில் இன்னும் தங்கியிருக்கும் முதியவர்களின் பெயர்கள் பக்கத்துக் கிராம மருந்தகத்தின் பட்டியலில் இருக்கின்றனவா? அடுத்த மழைக்கு முன் தோட்ட ஆலயத் தலைவர்களும் இளைஞர்களும் ஒருமுறை நேரில் போய் விசாரித்துப் பதிந்துவிடலாம். அரை நாள் வேலை.

1949-இல் சிபிலின் உடல் கப்பலில் கொண்டுவரப்பட்டு, ஈப்போ செயின்ட் மைக்கல் தேவாலயத்தின் அருகிலுள்ள கத்தோலிக்க இடுகாட்டில் மறுஅடக்கம் செய்யப்பட்டது. அவர் மருந்தகம் நடத்திய புரூஸ்டர் சாலையில்தான் அந்த இடமும் இருக்கிறது. பாப்பான் 74-ஆம் எண் வீட்டை ஆர்வலர்கள் நினைவகமாகப் பராமரித்து வருகிறார்கள். ஈப்போவிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது.