எமி ஜோன்சனும் இன்செயின் மாணவர்களும்

1930 மே மாத நடுப்பகுதி. பர்மாவில் பெருமழை தொடங்கிவிட்டிருந்தது. இரங்கூன் குதிரைப் பந்தயத் திடலைத் தேடிவந்த சின்ன விமானமொன்று, மழைக்குள் வழிதெரியாமல் இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கிப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. இறக்கை சிதைந்தது. முன்விசிறி உடைந்தது. அதை ஓட்டிவந்தவர் 26 வயதான எமி ஜோன்சன். கூட வேறெவரும் இல்லை.

இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள் அவர். இலண்டனில் சட்டத்தரணி அலுவலகமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே பறக்கப் பழகினார். எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும் கற்று, 1929இல் விமானப் பராமரிப்புக்கான உரிமம் பெற்றார். பிரித்தானியாவில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண் அவரே. தகப்பனாரும் வேக்பீல்ட் பிரபுவும் பணம் கொடுக்க, 600 பவுணுக்குப் பழைய ஜிப்சி மொத் விமானமொன்றை வாங்கினார். தகப்பனாரின் வியாபாரச் சின்னமான ஜேசன் என்ற பெயரையே அதற்கும் வைத்தார்.

மே 5ஆம் திகதி குரொய்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். விமானத்துக்குக் கூரையுமில்லை, வானொலியுமில்லை. ஆறு நாளில் கராச்சி. பேர்ட் ஹிங்க்லர் 1928இல் வைத்த பதினைந்தரை நாள் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை இன்செயின் மழை பறித்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் இன்செயின்தான். அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்து இறக்கையைச் சீராக்கினார்கள். முதலாம் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்குப் போர்த்தினார்கள். கையோடு கொண்டுவந்திருந்த மாற்று முன்விசிறி பூட்டப்பட்டது.

ஜாவாவில் கரும்புத் தோட்டமொன்றில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு பறந்தார். சுரபாயாவுக்கு அப்பால் வழி நெடுக எரிமலைத் தீவுகள். 1815இல் வெடித்து உலகத்தையே குளிரவைத்த தம்போராவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. தீமோரில் புற்றுகளுக்கிடையே இறங்கியபோது, அவர் எங்கே என்று ஒரு நாள்வரை வெளியுலகம் அறியவில்லை. மே 24ஆம் திகதி டார்வினில் இறங்கினார். சாதனை கிடைக்கவில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் அவர்தான்.

பிறகு போர் வந்தது. விமானங்களை இடத்துக்கிடம் கொண்டுசேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் திகதி, கெட்ட காலநிலையில் வழிதவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பரசூட்டுடன் விழுந்தார். கடற்படைக் கப்பலொன்றின் தளபதி வோல்டர் பிளெச்சர் அவரைக் காப்பாற்றக் குளிர்நீரில் குதித்தார். அவரும் பிழைக்கவில்லை. எமியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டில் காத்திருப்பு எப்படி இருக்குமென்று எங்கள் ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ரன்னிமீட்டில், கல்லறை அறியப்படாத 20,000க்கும் அதிகமான வான்படையினரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். எமி ஜோன்சனின் பெயரும் அங்கே இருக்கிறது. இன்செயினில் சட்டைத்துணி போர்த்திப் பறந்த ஜேசன், இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.