ஐந்து முறை தோற்றவர்
(சர் தாமஸ் லிப்டன் – ஒரு வாழ்க்கைச் சித்திரம்)

நம்ம புதுவயலில் கடல் இல்லை. அரிசி ஆலைப் புகைபோக்கி தெரியும், பாய்மரம் தெரியாது. தொண்டிப் பக்கமோ மீமிசல் பக்கமோ போனால்தான் அலைச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட ஊர்க் கல்லூரி மலரில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயக்காரரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். அவருடைய பெயர் நம் எல்லார் வீட்டு அடுப்படிக்கும் தெரிந்த பெயர். தாமஸ் லிப்டன். தேயிலைப் பொட்டலத்தில் இருக்கிற அதே லிப்டன்தான்!

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார்கள். பையனுக்குப் படிப்பு அதிகம் ஓடவில்லை. கிளைடு ஆற்றுத் துறைமுகத்தில் கப்பல் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. பதின்வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் தோட்டம், நியூயார்க்கில் மளிகைக்கடை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். ஊர் திரும்பி 1871-ல் கிளாஸ்கோ ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தக்கடை போட்டார். விளம்பரத்தில் மன்னன். கடை மேல் கடையாகப் பெருகி, இருபது ஆண்டுக்குள் பிரிட்டன் முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

1890-ல் இலங்கைக்கு வந்தார். அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பிருந்தே இலைத்துரு நோய் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. ஹப்புத்தளை மலையில் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கித் தேயிலையில் இறங்கினார். இடைத்தரகர் இல்லாமல் நேரே கடைக்குக் கொண்டுவந்து, பொட்டலம் கட்டி, மலிவு விலைக்கு விற்றார். பணக்காரர் வீட்டுப் பானம் தொழிலாளி வீட்டுக்கும் வந்தது.

செல்வம் சேர்ந்தது, 1898-ல் 'சர்' பட்டமும் கிடைத்தது. அப்போதுதான் சிறுவயதுக் கப்பல் ஆசை மறுபடி தலைதூக்கியது. கண் போனதோ சாதாரணப் பந்தயத்தின் மேல் அல்ல, 'அமெரிக்கா கோப்பை' மேலேயே!

1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்துக் கொண்டுபோன கோப்பை அது. நியூயார்க் படகுக் கழகம் அதைக் கைவிடவே இல்லை. 1895-ல் சவால் விட்டுத் தோற்ற பிரிட்டிஷ் பிரபு ஒருவர், அமெரிக்கர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பழி சொன்னார். விசாரணையில் அது நிற்கவில்லை. இரு நாட்டு விளையாட்டு உறவும் கசந்துபோய்க் கிடந்தது. அந்த நேரத்தில்தான் லிப்டன் வந்தார்.

வந்த வழியிலும் ஒரு தடங்கல். பிரிட்டனின் உயர்குடிப் படகுக் கழகம் ஒரு மளிகைக்கடைக்காரரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. வடக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் படகுக் கழகம் சேர்த்துக்கொண்டது. அதன் பெயரிலேயே சவால் விட்டார். படகுக்கு 'ஷாம்ராக்' என்று பெயர் வைத்தார் – அயர்லாந்தின் சின்னமான மூவிலைப் பூண்டு.

ஒரு பொறியாளனாக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போட்டியே சமமான போட்டி அல்ல. சவால் விடுகிற படகு அட்லாண்டிக் கடலைத் தானே கடந்து பந்தயத் துறைக்கு வந்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே பெருங்கடல் தாங்கும்படி உறுதியாக, அதாவது கனமாகக் கட்ட வேண்டும். எதிராளிக்கு அந்தக் கவலை இல்லை. எடையைக் குறைத்து, பாயைப் பெரிதாக்கி, பந்தயத்துக்கென்றே கட்டிக்கொள்ளலாம். இது தெரிந்தேதான் ஐந்து முறை சவால் விட்டார்.

1899: இரண்டாவது பந்தயத்தில் ஷாம்ராக்கின் மேல்பாய்மரம் முறிந்தது. அவரவர் விபத்து அவரவருக்கு என்பது முன்பே பேசிய ஒப்பந்தம். முணுமுணுக்காமல் தோல்வியை ஏற்றார்.

1901: கடைசிப் பந்தயத்தில் அவர் படகு 2 விநாடி முன்னால் கோட்டைத் தாண்டியது. ஆனால் படகின் அளவைப் பொறுத்துக் கொடுக்க வேண்டிய நேரச் சலுகையைக் கழித்தபோது தோல்வி!

1903: எதிரே வந்தது நத்தானியல் ஹெர்ரஷாஃப் வடிவமைத்த 'ரிலையன்ஸ்'. ஒற்றைப் பாய்மரத்தில் 16,000 சதுர அடிக்கு மேல் பாய். ஷாம்ராக் கடைசிப் பந்தயத்தில் மூடுபனியில் வழியே தவறிப்போனது.

நான்காவது படகு 1914-ல் அமெரிக்கா போய்ச் சேரும்போது உலகப்போர் மூண்டுவிட்டது. ஆறு ஆண்டு அங்கேயே கரையேற்றி வைத்திருந்து, 1920-ல் பந்தயம் நடந்தது. ஐந்தில் மூன்று ஜெயித்தால் கோப்பை. முதல் இரண்டும் லிப்டனுக்கு! கோப்பை கைக்கெட்டும் தூரம். மூன்றாவதில் இரண்டு படகும் ஒரே நேர அளவில் ஓடி முடித்தன. நேரச் சலுகையால் எதிராளிக்கு வெற்றி. அடுத்த இரண்டும் போயின.

1930-ல் எண்பது வயதை ஒட்டிய கிழவராக ஐந்தாம் ஷாம்ராக்குடன் போனார். எதிரே 'என்டர்பிரைஸ்'. இலேசான அலுமினியக் கலவையில் பாய்மரம், தளத்துக்குக் கீழே கயிறு இழுக்கும் பொறிகள். நான்கு பந்தயம், நான்கும் தோல்வி.

ஐந்து சவாலிலும் ஒரு புகார் இல்லை. எதிராளியைக் குறைத்து ஒரு வார்த்தை இல்லை. ஜெயித்தவரைக் கை குலுக்கி வாழ்த்திவிட்டு, அடுத்த சவாலுக்கு யோசிக்கப் போய்விடுவார். இது அமெரிக்க மக்களின் மனதைத் தொட்டது. நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ், ஆளுக்கு ஒரு டாலர் போடுங்கள், தோற்றவருக்கு ஒரு கோப்பை செய்வோம் என்று அழைப்பு விட்டார். பணம் குவிந்தது. 1930 டிசம்பரில் நியூயார்க் நகர மண்டபத்தில் வைத்துத் தங்கக் கோப்பை கொடுத்தார்கள். ஜெயித்தவருக்கு வெள்ளி, தோற்றவருக்குத் தங்கம்!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லிப்டன் சுக்கான் பிடித்தவர் அல்ல. படகு அவருடையது, ஓட்டியவர்கள் தேர்ந்த மாலுமிகள். பந்தயத்தால் தேயிலைக்குக் கிடைத்த விளம்பரமும் கொஞ்சமல்ல. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் நிற்பது நிறைய. விளையாட்டுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. தென்னாப்பிரிக்காவிலும், அமெரிக்காவின் சான் டியாகோவிலும் படகுப் போட்டிகளுக்கு லிப்டன் கோப்பைகள் அவர் கொடுத்தவை. கால்பந்தையும் விடவில்லை. 1909-ல் இத்தாலியின் டூரின் நகரில் அவர் கோப்பைக்காக நடந்த பன்னாட்டுப் போட்டியில் ஜெயித்தது ஓர் ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர் ஊரின் அணி. உலகப்போரில் தன் சொந்தக் கப்பல் 'எரின்'-ஐ மருத்துவக் குழுக்களை ஏற்றிச் செல்லக் கொடுத்தார். 1915-ல் விஷக்காய்ச்சல் பரவியிருந்த செர்பியாவுக்குத் தானே நேரில் போனார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம்ம பக்கத்துக் கணக்கு. அந்த ஷாம்ராக் படகுகளின் பாய் நிறைந்தது காற்றால் மட்டுமல்ல. மலைநாட்டில் கொழுந்து கிள்ளிய கைகளாலும்தான். அந்தக் கைகள் யாருடையவை? ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போன நம் ஜனங்களுடையவை. கொழும்புச் செட்டியார் தெருவில் கொண்டுவிற்கப் போன நகரத்தார் பேரேட்டிலும் தோட்டக் கணக்கு ஏறியது. ஆனால் லயத்து அறையில் தலைமுறையாக முடங்கியவர்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. 1948 சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பிறந்த மண்ணை விட்டுவிட்டு ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தோற்றதற்குத் தங்கக் கோப்பை கொடுக்க யாரும் ஒரு டாலர் போடவில்லை. லிப்டனைப் பாராட்டும்போது இதை மறந்தால் அந்தப் பாராட்டு முழுசாகாது.

அவரை அத்தனை காலம் வெளியே நிறுத்திய உயர்குடிக் கழகம், 1931-ல்தான் கதவைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2-ல் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தில் பெரும்பகுதி கிளாஸ்கோ ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. பெற்றோருக்குப் பக்கத்திலேயே அடக்கம். அவர் விரும்பிய கோப்பையை நியூயார்க்கிலிருந்து வேறொரு நாடு எடுத்துப்போக 1983 வரை ஆனது. ஆஸ்திரேலியா ஜெயித்தது, 132 ஆண்டுக்குப் பிறகு.

தம்பிகளே, தங்கைகளே! கல்லூரிகளுக்கு இடையே போட்டிக்குப் போகிறீர்கள். வளாகத் தேர்வுக்கு உட்காருகிறீர்கள். விதியே எதிராளிக்குச் சாதகமாக இருக்கிற ஆட்டங்களையும் ஆட வேண்டி வரும். விதி சரியில்லை என்றால் அதை மாற்றப் போராடுங்கள், தப்பில்லை. ஆனால் ஆடுகளத்தில் ஜெயித்தவன் கையைக் குலுக்க மறக்காதீர்கள்.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விளையாட்டு விழாவில் ஜெயித்த அணிக்குக் கேடயம் கொடுக்கிறோம். தோற்றாலும் நாணயமாக ஆடிய அணிக்கு என்று இன்னொரு கேடயம் ஏற்படுத்தினால் என்ன? செலவு பெரிசாக ஆகாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். முதல் பங்கு என்னுடையது.