குவென்ட் நாட்டுத் தேனீ

வேல்சு நாட்டின் தென்கிழக்கே, அபர்கவென்னி நகரை அடுத்துள்ள லானோவரில், 1802ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் அகசுடா வாடிங்டன் பிறந்தார். லானோவர் சீமாட்டி எனப் பின்னாளில் புகழ்பெற்ற அம்மையார் இவரே.

இவர் பிறந்தது மடல்களைப் பொன்னெனப் போற்றிய குடும்பம். தாயார் சார்சியானா, தம் இளமையில் மேரி டெலானி என்னும் உறவினரான மூதாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1788இல் மறைந்த அம்மூதாட்டி, தாம் கண்டறிந்த உலகினை உற்றார்க்கு மடல்களாக எழுதிக் குவித்தவர். தமக்கையார் பிரான்சிசு 1817இல் பிரசிய நாட்டு அறிஞர் பன்சனை உரோம் நகரில் மணந்து, அயல்நாட்டிலிருந்து அன்னைக்கு மடல் வரைந்து வந்தார். குடும்பத்தின் மொழி ஆங்கிலம். சுற்றிலும் வாழ்ந்த உழுகுடிகள் பலரின் நாவிலோ வேல்சு மொழி வாழ்ந்தது.

1823இல் அகசுடா, பெஞ்சமின் ஆல் என்பாரை மணந்தார். லானோவர், அபர்கார்ன் என்னும் இரு பண்ணைகள் இத்திருமணத்தால் இணைந்தன. பின்னர் அமைச்சராய் விளங்கிய பெஞ்சமின் ஆலின் பெயராலேயே இலண்டன் நாடாளுமன்றத்துப் பெருமணி 'பிக் பென்' என வழங்கலாயிற்று என்று கூறுவர்.

தாமசு பிரைசு என்னும் சமயகுருவின் நட்பு அம்மையாரை வேல்சு மொழியின்பால் ஈர்த்தது. பாவலரும் இசைவாணரும் போட்டியிட்டுப் பரிசு பெறும் வேல்சு மக்களின் கலைவிழாவிற்கு ஐசுடெத்வாட் என்று பெயர். 1834இல் கார்டிப் நகரில் நிகழ்ந்த அவ்விழாவில், வேல்சு மொழியையும் மரபுடையையும் காத்தலின் பயன் குறித்து எழுதிய கட்டுரைக்கு அம்மையார் பரிசு பெற்றார். குவென்ட் நாட்டுத் தேனீ என்று பொருள்படும் புனைபெயர் அவருக்கு நிலைத்தது. 1833இல் அபர்கவென்னியில் தோன்றிய மொழிக்கழகத்திற்கு அவர் பெருந்துணையானார். நாட்டுப்பாடல் தொகுப்பும் மூவரிசை நரம்புடைய யாழும் அக்கழக விழாக்களில் ஏற்றம் பெற்றன. 1850இல் வேல்சு மொழியில் பெண்களுக்கென வெளிவந்த இதழையும் அவர் புரந்தார்.

தம் பண்ணையில் அவர் மதுக்கடைகளை மூடுவித்தார். பணியாளர் வேல்சு மொழி பேசவும் மரபுடை அணியவும் வேண்டுமென்றார். இது மொழிப்பற்றா, நிலவுடைமையின் ஆணையா என்னும் வினா எழாமற் போகாது. அம்மொழியைச் சரளமாகப் பேசும் ஆற்றல் அவருக்கே வாய்க்கவில்லை என்பர். எனினும் அக்காலத்தின் இயல்பையும் எண்ணுதல் வேண்டும். தாய்மொழி பேசிய குழந்தைகளைத் தண்டித்த பள்ளிகள் வேல்சு நாட்டில் இருந்தன. மக்களின் பின்னடைவுக்கு அவர்தம் மொழியையே காரணமாக்கியது 1847ஆம் ஆண்டு அரசினர் கல்வி அறிக்கை. ஏளனத்திற்கு ஆளான அம்மொழியை ஒரு சீமாட்டி தம் மாளிகையில் ஏற்றி வைத்தது சிறு செயலன்று.

1854இல் கழகம் கலைந்தது. 1867இல் கணவர் மறைந்தார். அம்மையார் பேணிய ஏடுகள் எஞ்சின. டெலானி அம்மையாரின் மடல்களை 1861, 1862 ஆகிய ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக அவர் பதிப்பித்திருந்தார். யோலோ மோர்கானுக் என்னும் புலவரின் கையெழுத்துப் படிகளும் லானோவரில் காக்கப்பெற்றன. 1896 சனவரி 17ஆம் நாள், தம் 93ஆம் அகவையில் அம்மையார் இயற்கை எய்தினார்.

அப்படிகள் 1916இல் வேல்சு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. பழம்புலவர் பாடல்களென யோலோ வெளியிட்டவற்றுட் பல அவரே புனைந்தவை என்பதை, 20ஆம் நூற்றாண்டில் சி. சே. வில்லியம்சு என்னும் பேராசிரியர் ஆராய்ந்து நிறுவினார். யோலோவை மெய்ப்புலவரென மதித்த தலைமுறையினர் பேணிய ஏடுகளே, அவர்தம் பொய்மையையும் அதனூடே ஒளிர்ந்த கவித்திறனையும் ஒருங்கே உலகறியச் செய்தன. காத்தவர் கருத்து பிழைபடினும் காத்த ஏடு பயன்பட்டது. தேனீ சேர்த்த தேனைப் பின்வந்தோர் வடித்தெடுத்தனர்.